பாவில் ஏறிய புட்டியும் தட்டும்

சண்டிகர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் கம்பளித் துணி தொங்கும்படி திட்டமிட்டார்கள். எட்டுக் கூடங்களில் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர். தலைமை நீதிபதியின் கூடத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒன்பதையும் கழற்றித் தரையில் விரித்தால் ஏறத்தாழ 650 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட மூன்று கிரவுண்டு மனையை மூடிவிடலாம். சூரியன், மேகம், மின்னல், தராசு, பாம்பு, பாதச்சுவடு, விரித்த கை என்று உருவங்கள் அங்கங்கே நிற்கும். அவற்றுக்கு அடியில் கண்ணைப் பறிக்கிற நிறங்களில் பெரிய பெரிய கட்டங்கள்.

1955 மார்ச்சில் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய லெ கொர்பூசியேதான் அந்தத் துணிகளுக்கும் படம் வரைந்தவர். அழகுக்காக மட்டும் அவை வரவில்லை. உயரமான கூடங்கள், பூச்சு இல்லாத கான்கிரீட் சுவர்கள். அங்கே வழக்காடினால் சொன்ன சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். ஒலியை விழுங்க ஏதாவது வேண்டும். நம் காலத்து ஒப்பந்தக்காரராக இருந்தால் பொய்க்கூரை போட்டு, துளை போட்ட அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருப்பார். கொர்பூசியே காஷ்மீரத்து நெசவாளர்களைத் தேடிப் போனார். சில மாதங்களுக்குள் அவர்கள் நெய்து கொடுத்துவிட்டார்கள்.

சில நீதிபதிகளுக்கு இது ரசிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பாம்பும் பாதமும் தொங்க, முன்னால் கொலை வழக்கு நடத்துவது எப்படி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கழற்றச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் என்ன தொங்க வேண்டும் என்று சொல்ல அங்கே உட்காருபவருக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. ஆனால் கழற்றிய பின் எதிரொலியை என்ன செய்தார்கள்?

கொர்பூசியேயைக் கட்டடக்காரராகத்தான் உலகம் அறியும். அவர் தன்னை ஓவியராகவும் எண்ணிக்கொண்டிருந்தார். அதை உலகம் ஒப்புக்கொள்ளவில்லையே என்ற மனத்தாங்கல் கடைசிவரை அவருக்கு இருந்தது. காலையில் ஓவியம், மதியத்துக்கு மேல் கட்டட அலுவலகம் என்று பல ஆண்டுகள் நாளைப் பிரித்து வைத்திருந்தவர். 1887இல் ஸ்விட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் என்ற கடிகார ஊரில் பிறந்தார். அப்பா கடிகார முகப்புக்கு எனாமல் பூசுபவர். மகனும் முதலில் கடிகார உறையில் சித்திரம் செதுக்கத்தான் படித்தார். இயற்பெயர் ஷார்ல்-எதுவார் ஜான்னரே. 1920களின் இறுதிவரை ஓவியங்களில் ஜான்னரே என்றே கையெழுத்துப் போட்டார். கட்டடத்துக்கும் எழுத்துக்கும்தான் கொர்பூசியே.

1918இல் அவரும் அமெதே ஒஸான்ஃபான் என்ற ஓவியரும் சேர்ந்து க்யூபிஸத்துக்கு எதிராக ஒரு சிறு நூல் போட்டார்கள். பிக்காஸோவும் பிராக்கும் கிதாரையும் புட்டியையும் உடைத்துச் சிதறடித்துவிட்டார்கள், இனி அவற்றைத் திரும்ப ஒட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது வாதம். ப்யூரிஸம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வரைந்தவை பெரும்பாலும் அசையாப் பொருள் ஓவியங்கள்: புட்டி, குவளை, தட்டு, கிதார், புகைக்குழாய், விரித்து வைத்த புத்தகம். ஆள் கிடையாது, ஜன்னல் கிடையாது, பழம்கூட அபூர்வம். பழம் அழுகும்; புட்டி அழுகாது. ஆயிரக்கணக்கான கைகள் புழங்கிப் புழங்கி, வேண்டாததெல்லாம் தேய்ந்து, இதற்குமேல் மாற்ற ஒன்றுமில்லை என்ற வடிவத்தில் வந்து நின்ற பொருள்கள் மட்டுமே அவர்களுக்கு வேண்டும். ஸ்ரீரங்கத்து வீட்டு அடுக்களையில் டபராவும் டம்ளரும் அப்படி நிற்பவைதான். யார் வடிவமைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம்மூரில் ஒரு ஜான்னரே பிறந்திருந்தால் புகைக்குழாய் இருந்த இடத்தில் உறையூர்ச் சுருட்டு இருந்திருக்கும்.

1920இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்று, அடுக்கிய தட்டுகள் நடுவில் இருக்கும் அசையாப் பொருள் ஓவியம். தட்டுகளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். மேல்தட்டை மட்டும் தலைக்கு மேலிருந்து பார்க்கிறோம், முழு வட்டமாக. பக்கத்தில் கிதார் படுத்திருக்கிறது. விரித்த புத்தகம் கட்டடக்காரரின் புத்தி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது: தாள்கள் வளைந்து நிற்பது தூணின் தலைப்பகுதியை வெட்டிப் பார்த்ததுபோலவே இருக்கிறது. ஒரு பொருளின் விளிம்பு முடிகிற கோடே பக்கத்துப் பொருளின் விளிம்பாகிவிடுகிறது. புட்டியின் தோள் கிதாரின் இடுப்பாக மாறுகிறது. இரண்டுக்கும் நடுவே பொதுச்சுவர்.

பொதுச்சுவர் என்று நான் சொல்வது சும்மா இல்லை. அதையொட்டிய பத்தாண்டில் அவர் கட்டிய வீடுகளின் தரைப்படங்களை எடுத்துப் பாருங்கள். பாரிஸுக்கு வெளியே 1931இல் முடிந்த வில்லா சவாய் வீட்டின் மொட்டைமாடியில் வளைந்து போகிற சுவர்களை மேலிருந்து பார்த்தால் கிதாரும் புட்டியும் தெரியும். மேசையின் மேல் பொருள் வைப்பதுபோலத்தான் தளத்தின் மேல் அறைகளை வைத்தார். ஒரு மனிதர் காலையில் வரைந்தது மதியத்துக்கு மேல் சுவராக எழுந்தது.

ஆனாலும் அவருடைய ப்யூரிஸ ஓவியங்களில் ஏதோ ஒன்று குறைகிறது. எண்ணெய் வண்ணத்தில் எதை வேண்டுமானாலும் எதன் மேலும் பூசலாம். முதலில் சுவரைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் புட்டியை நிறுத்தலாம். பின்னணி முதலில், பொருள் பிறகு. அப்படிச் செய்யக் கை பழகிய ஓர் ஊடகத்தில் உட்கார்ந்துகொண்டு, புட்டியும் பின்னணியும் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன என்று சாதிப்பது கொள்கைப் பிடிவாதம். பார்க்கிறவருக்கு அது வாதமாகத் தெரிகிறது, காட்சியாகத் தெரிவதில்லை. அவருடைய நண்பர் ஃபெர்னான் லெஜே அதே புட்டிகளை வரைந்தபோது இந்தச் சங்கடம் இல்லை; லெஜேக்குக் கொள்கையைவிட நிறத்தில் பசி அதிகம்.

தறியில் இந்தக் கதை மாறுகிறது.

1936இல் மாரி குட்டோலி என்ற அம்மையார் பிக்காஸோ, பிராக், லெஜே முதலியோரிடம் படம் வாங்கி டேப்பஸ்ட்ரியாக, அதாவது சுவரில் தொங்கும் நெய்த சித்திரமாக, நெய்யக் கொடுத்தார். அப்போதுதான் கொர்பூசியேயும் முதன்முதலாக ஒன்று வரைந்து கொடுத்தார். அது அதோடு நின்றது. 1940களின் இறுதியில் ஒபுஸ்ஸோன் நெசவுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பியேர் போதுவாங் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அதன்பிறகு சாகும்வரை வரைந்தார். சண்டிகர் தனி, பிரான்ஸில் நெய்தவை மட்டும் முப்பதை ஒட்டி வரும். புட்டி, குவளை, பகடை, கை, பெண், காளை என்று பழைய மேசைச் சாமான்களும் புதிதாக வந்தவர்களும் அவற்றில் கலந்து நிற்கிறார்கள்.

மத்தியப் பிரான்ஸில் உள்ள சிற்றூர் ஒபுஸ்ஸோன். அங்கே தறி படுக்கைவசமாக இருக்கும். பாவு நூல் கண்ணுக்குக் கீழே மேசைபோல விரிந்திருக்க, அதற்கும் அடியில் படம் வரைந்த தாள். நெசவாளி குனிந்து, பாவின் இழைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துப் படத்தைப் பின்பற்றுகிறார். நம் குழித்தறியில் நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாய்ந்து ஓடும். அங்கே ஊடை அப்படி ஓடாது. சிவப்பு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் சிவப்பு இழை. அது முடிகிற இடத்தில் திரும்பிவிடும். அடுத்த பாவு நூலில் மஞ்சள் இழை தன் பாட்டுக்கு வந்து திரும்பும். இரண்டுக்கும் நடுவில் விழுகிற கீறலைப் பிறகு ஊசியால் தைத்து மூடுவார்கள், அல்லது இரண்டையும் கோத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னக் குச்சியில் நூல். கைதேர்ந்த ஒருவருக்குக்கூட ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. நெசவாளி பார்ப்பது துணியின் பின்பக்கம். முன்பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும். அதனால் தாளில் உள்ள படம் இடம் வலமாகத் திருப்பி வரையப்பட்டிருக்கும். தவிர, பெரும்பாலும் படத்தைச் சாய்த்துப் படுக்கவைத்துத்தான் நெய்கிறார்கள். சுவரில் மாட்டியபின் பாவு கிடைமட்டமாக ஓடும். ஆக, நெசவாளி மாதக்கணக்கில் பார்ப்பது வலது இடது மாறி, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற ஒரு புட்டியை. நெய்த பகுதி உருளையில் சுருண்டு மறைந்துகொண்டே போகும். பாவை அறுத்துத் தறியிலிருந்து இறக்குகிற அன்றுதான் முழுப் படமும் எல்லோர் கண்ணுக்கும் முதன்முதலாகத் தெரியும். ஒபுஸ்ஸோனில் அந்த நாளை ஒரு சடங்காகவே நடத்துகிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. 1950களில் கொர்பூசியேயின் ஓவியங்களில் காளைகள் வரத் தொடங்கின. எங்கிருந்து வந்தன? 1920களில் தான் வரைந்த புட்டி, குவளை ஓவியம் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தபோது அதில் காளைத்தலை தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சண்டிகருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. பஞ்சாபின் வண்டி மாடுகள் அவர் குறிப்பேடுகளில் நிறைய வருகின்றன. எனவே மாடு எங்கிருந்து வந்தது என்பதில் பஞ்சாபுக்கும் பங்கு உண்டு. ஆனால் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் தறிக்காரர்களுடையது. போதுவாங்கோடு சேர்ந்து தறிக்கு வரைந்துகொண்டிருந்த ஆளுக்குத் தன் பழைய ஓவியத்தைப் படுக்கவைத்துப் பார்க்கத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

தறி செய்கிற பெரிய காரியம் இதுதான்: அதில் மேலே என்பது இல்லை. சுவரை நெய்துவிட்டு அதன்மேல் புட்டியை வைக்க முடியாது. புட்டி இருக்கும் இடத்தில் சுவர் கிடையாது, சுவர் இருக்கும் இடத்தில் புட்டி கிடையாது. இரண்டும் ஒரே வரிசையில், ஒரே இறுக்கத்தில், ஒரே கையால், ஒரே நாளில் ஏறுகின்றன. புட்டிக்குப் பின்னால் இருக்கிற வெறும் காற்றுக்கும் நெசவாளி அதே உழைப்பைக் கொடுத்தாக வேண்டும். 1920இல் ஜான்னரே எண்ணெய் வண்ணத்தில் பிடிவாதமாகச் சாதிக்கப் பார்த்தது தறியில் வேறு வழியில்லாததால் நடந்துவிடுகிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைக் கையில் எடுத்து, உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உடலின் ஊடை கரைக்குள் போவதில்லை. கரைக்குத் தனி நாடா. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. ஒருவர் தறியில், இன்னொருவர் கரையோரம். கரை என்பது உடலுக்கு மேல் வைத்த அலங்காரம் என்று நினைப்பவர்கள் அந்தச் சேர்க்கையை வெறும் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

தறிக்கு வந்த காலத்தில் அவர் ஓவியமும் மாறிவிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொதுக்கோட்டை விட்டுவிட்டார். நிறம் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக நிற்க, கறுப்புக் கோடு அதைப் பொருட்படுத்தாமல் தன்போக்கில் ஓடுகிறது. குவளை பாதி சிவப்பில், பாதி வெள்ளையில். லெஜேயிடம் பார்த்துக் கற்றது என்று சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். தூரிகையில் அந்தக் கோடு ஒரு வீச்சு. நெசவில் அது ஒரு ஒடுக்கமான நிலம். அதற்கு அகலம் உண்டு, இரண்டு கரை உண்டு, தனி நூல் வேண்டும். வளைவில் படிப்படியாக ஏறி இறங்கித்தான் போகும். வீச்சின் வேகம் அங்கே செத்துப்போகிறது. அதற்குப் பதில் ஒரு கனம் வருகிறது. கோடும் ஒரு பொருளாகிவிடுகிறது, புட்டியைப் போல, தட்டைப் போல.

இதையெல்லாம் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் துணியும் கல்லும் சேர்ந்து இருப்பது புதுச் செய்தி இல்லை. ஏழு பிரகாரம், 156 ஏக்கர், 21 கோபுரம் என்று கல்லையும் சுதையையும்தான் வழிகாட்டிகள் எண்ணுகிறார்கள். கோயில் நடப்பது துணியால். சன்னிதித் திரை விலகுவதும் மூடுவதும்தான் அங்கே நேரம். குடை, மேற்கட்டி, பரிவட்டம். கைசிக ஏகாதசி இரவில் உற்சவரான நம்பெருமாளுக்குப் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாற்றிக்கொண்டே இருப்பார்கள். சித்திரைத் தேர் அலங்காரம் தொடங்கும்போது மரச்சிற்பம் எல்லாம் துணிக்குப் பின்னால் போய்விடும். தொம்பைகள் தொங்கும்.

தொம்பையைத் தேர் ஓடும்போது பார்க்கக் கூடாது. கூட்டமும் வெயிலும் விடாது. முந்தின நாள் மாலை, தேர் நிலையில் நிற்கும்போது கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உருளைபோல் தைத்து, உள்ளே வளையம் கொடுத்து, ஆளுயரத்துக்கு மேல் தொங்கவிட்டிருப்பார்கள். சிவப்பின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் பச்சை, அதன்மேல் வெள்ளை என்று துணியின் மேல் துணி வெட்டி வைத்துத் தைத்தது. யாளி, தாமரை, பூக்கொடி. பல தொம்பைகளில் நிறமும் நிறமும் சேரும் இடத்தில் வெள்ளைக் கயிறு ஓடி விளிம்பை மூடும். அந்தக் கயிறு பிரிந்த இடத்தில் உள்ளே பார்த்தால் மூன்று நான்கு அடுக்கு தெரியும். தறிக்கு நேர் எதிரான வேலை இது. இங்கே எல்லாமே மேலே மேலே. தேர் அசையும்போது தொம்பையும் அசைகிறது, ஐம்பது அடிக்கு அப்பால் நிற்பவனுக்கும் யாளி தெரிய வேண்டும். அதற்கு அடுக்குத்தான் சரி. சண்டிகர்ச் சுவருக்கு அது சரிப்படாது. ஆடாமல் நிற்கும் சுவரில் மாட்ட ஆடாத துணி வேண்டும், சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற ஆழம் அதில் இருக்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் கல்லும் துணியும் ஒருமுறை இடம் மாறிக்கொண்டன. 1323இல் தில்லிப் படை வந்தபோது மூலவர் தெரியாதபடி சன்னிதிக்கு முன்னால் கல்திரை எழுப்பினார்கள் என்பது கோயில் வரலாறு. துணி செய்யும் வேலையைக் கல் செய்தது. உற்சவர் ஊரை விட்டுப் போனார். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் உடன் போய், மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். நம்பெருமாள் கேரளம், மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று சுற்றி 1371இல் திரும்பினார். அதற்குள் ஊரில் வேறொரு திருமேனியை வைத்து வழிபாடு நடந்துகொண்டிருந்தது. எது பழைய பெருமாள் என்று சொல்ல ஆளில்லை. கண் தெரியாத முதியவர் ஒருவர், பெருமாளின் வஸ்திரத்தை வெளுத்துக் கொடுத்துவந்த ஈரங்கொல்லி, இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடை தீர்த்தத்தைக் கொடுக்கச் சொன்னார். உடுத்திய துணியைப் பிழிந்த தண்ணீர் அது. வாயில் வைத்ததும் அடையாளம் சொல்லிவிட்டார். நம்பெருமாள் என்ற பெயரே அவர் வாயிலிருந்து வந்தது என்பார்கள். கல்வெட்டு, சாசனம், ஜீயர், ஸ்தானிகர் யாரும் தீர்க்க முடியாத வழக்கு, துணி தீர்த்துவைத்தது. நீதிமன்றத்தில் துணி எதற்கு என்று கேட்ட சண்டிகர் நீதிபதிகளுக்கு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

கொர்பூசியே தன் டேப்பஸ்ட்ரிகளுக்கு நாடோடிச் சுவரோவியம் என்ற பொருளில் ஒரு பெயர் கட்டினார். நகரத்து மனிதன் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறான், நாளை வேறு வீடு போவான். சுவரில் ஓவியம் தீட்டினால் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. நெய்ததைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது அவர் கணக்கு. சட்டம் போட்டுக் கண்ணுக்கு நேரே மாட்டுகிற படமாக அதை அவர் நினைக்கவில்லை. தரையிலிருந்து எழுந்து, மனிதன் கையைத் தூக்கினால் எட்டும் உயரம் வரை சுவராகவே நிற்க வேண்டும். அந்த உயரத்தை 226 சென்டிமீட்டர் என்று தன் அளவுமுறையில் ஏற்கெனவே அவர் வகுத்து வைத்திருந்தார். அடுக்குமாடிகளைக் கட்டி மனிதனை நாடோடியாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை இந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் கணக்கு ஒருமுறை அப்படியே பலித்தது. சிட்னி ஓபரா அரங்கத்தை வடிவமைத்த டென்மார்க்குக்காரர் யோர்ன் உட்ஸோன் 1958இல் அவருக்கு எழுதி, அந்தக் கட்டடத்துக்காக ஒரு டேப்பஸ்ட்ரி கேட்டார். பகடை உருட்டியாயிற்று என்ற பொருள்படும் தலைப்பில் 1960இல் ஒன்று தயாரானது. மூன்றரை மீட்டர் நீளம். கட்டடம் முடியவில்லை. அரசோடு தகராறு முற்றி 1966இல் உட்ஸோன் ஆஸ்திரேலியாவை விட்டுப் போனார்; முடிந்த கட்டடத்தைப் பார்க்காமலேயே 2008இல் இறந்தார். கொர்பூசியே 1965லேயே போய்விட்டார். துணி உட்ஸோன் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 2015இல் ஏலத்துக்கு வந்தபோது ஓபரா அரங்கத்தார் வாங்கி, 2016இல் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் மாட்டினார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபத சோபன படத்தில் பகடை உருட்டுகிற ஊரில் இருப்பவனுக்கு அந்தத் தலைப்பு பொருத்தமாகவே படுகிறது. பாம்பில் இறங்கி, ஏணியில் ஏறி, கடைசியில் கட்டத்துக்கு வந்துவிட்டது.

சண்டிகர்த் துணிகளும் ஒபுஸ்ஸோன் துணிகளும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். சண்டிகரில் அளவு அசுரத்தனமானது. அந்த அளவுக்கு ஈடுகொடுக்க வேண்டி உருவங்களைச் சின்னங்களாகச் சுருக்கிவிட்டார். தராசு என்றால் நீதி, கை என்றால் கொடுத்தலும் பெறுதலும் என்று பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறக்கட்டங்கள் மட்டும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஒபுஸ்ஸோனில் நெய்த மேசைச் சாமான்களுக்கு எந்த அர்த்தமும் வேண்டியதில்லை. குவளை குவளையாக நிற்கிறது. ஓவியராக அவர் லெஜேக்குக் கீழே, பிக்காஸோவின் பக்கத்தில் வரவே முடியாது. தறிக்கு வரைந்தவராக அவரை இருவரோடும் சமமாக உட்கார வைக்கலாம். மற்றவர்களின் ஓவியம் தறிக்குப் போனபோது ஓவியத்தின் நகலாக ஆனது. இவருடையது தறிக்குப் போனபோதுதான் முழுமையானது. சுவர் என்றால் என்ன என்று தெரிந்தவரின் கை அது.

இனி நம் திருச்சி உறையூர். கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ், அர்காரு என்ற உள்நாட்டு ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி கிடைத்தது. இன்றும் உறையூரில் பருத்திப் புடவைத் தறி இருக்கிறது, முசிறிப் பக்கம் மணமேட்டில் இருக்கிறது, முன்பைவிட மிகக் குறைவாக. நெசவாளிகளிடம் புடவையைத் தவிர வேறு எதையும் நாம் கேட்பதில்லை. கேட்டால் துண்டு, அதுவும் தேர்தல் சமயத்தில்.

அதே திருச்சியில் கல்யாண மண்டபம் தோறும் கான்கிரீட் கூடம். நாதஸ்வரம் வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, மைக்கில் பெயர் அழைத்தால் யாருடைய பெயர் என்று தெரியாது. கருத்தரங்கு அரங்கங்கள், பள்ளி அரங்கங்கள் எல்லாம் இப்படித்தான். ஊரில் என்.ஐ.டி. இருக்கிறது, அங்கே கட்டடக்கலைத் துறை இருக்கிறது, ஆண்டுதோறும் மாணவர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் பத்துப் பேரையாவது காவிரியின் தென்கரையில் தறிச் சத்தம் கேட்கும் தெருவுக்கு அனுப்புங்கள். ஒரு டம்ளரையும் டபராவையும் வரைந்துகொண்டு போகட்டும். அது நெய்ய வருமா, நாடாவுக்குப் பதில் குச்சியில் நூல் சுற்றிக் கையால் ஏற்ற எத்தனை நாள் ஆகும், கூலி என்ன ஆகும் என்று நெசவாளியிடமே கேட்கட்டும். ஏதாவது ஒரு மண்டபத்துக்காரர் பொய்க்கூரைக்குக் கொடுக்கும் பணத்தை அந்தக் கூலிக்குக் கொடுக்க முன்வந்தால் போதும்.